சகடை திரும்பிப் போன தெரு

திருவேற்காட்டில் கூவத்தை ஒட்டிய எங்கள் தெரு முழுதும் ஆற்று மணல். அதனால் திருவிழாவில் இறைவனைச் சகடை வண்டியில் வைத்து இழுத்து வரும் உலா எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடும். "சகடைச் சக்கரம் புதைஞ்சிடும் ஐயா. ரோட்டைப் போடுங்க, வர்றோம்" என்பார் கோயில் பொறுப்பாளர், ஆண்டுதோறும்.

சாலைப்பணி மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இவ்வாண்டு தெருவாசிகள் என் சொல்லை ஏற்றனர். மண்ணெண்ணெய் சேர்த்து இளக்கிய தாரை மணலில் தெளித்து, டிராக்டர் கலப்பையால் புரட்டிக் கலந்து, பிறகு ரோலரால் அழுத்த வேண்டும். மணலை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. தார் அதையே இறுகப் பற்றிக்கொள்ளும்.

புரட்டி முடித்த உடனேயே ரோலர் வந்து நின்றது. உலாவுக்கு இரண்டு நாளே மீதம். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். மண்ணெண்ணெய் நெடி மூக்கைத் துளைத்தது. அது வெயிலில் பறந்துபோகுமுன் அழுத்தினால் தெரு களியாகவே கிடக்கும். மணலில் புதைந்த சக்கரம் தாரில் புதையும். ரோலருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன்.

"இன்னா பெர்சு, ஊதுவத்தியா அது, மோந்து மோந்து பாக்குற? எந்திரி. குமணன்சாவடில வேற வேலை கீது" என்றார் ஓட்டுநர்.

"போயிட்டு வாங்க. இங்க நாளன்னைக்குக் காலையிலதான்."

"நீ பாட்டுக்குக் குந்திகினு கீற. ஏத்திட்டா?"

"ஏத்துங்க."

அடுக்குமாடியிலிருந்து கணினி வேலை பார்ப்பவர் ஒருவர் ஓடிவந்தார். "சார், இதை அனுப்பிட்டா வேற ரோலர் கிடைக்காது. இந்த வருஷமும் சாமி வராது!"

அஞ்சாத அடியார்களின் பதிகங்களை அறுபது ஆண்டுகளாக வைகறைதோறும் பாடிவருகிறேன். ஓர் இரும்பு உருளைக்கு எழுந்து ஒதுங்கினால் அத்தனை பாட்டும் எதற்கு? உரக்கப் பாடத் தொடங்கினேன். பதிகம் முடியுமுன் இயந்திர ஒலி நின்றது.

"நல்ல ரோதனைப்பா" என்று ஓட்டுநர் இறங்கினார்.

இருநாள் வெயிலில் மறுபடி மறுபடி புரட்டச் செய்தேன். உலா நாளன்று காலை ஓட்டுநர் வந்தார். நான் கேட்காமலே ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "போயே போச்சு, பெர்சு. சேரைத் தூக்கு."

மாலையில் சகடை தெருமுனையில் நின்றது. பொறுப்பாளர் குதிகாலால் தரையை இருமுறை உதைத்துப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். சகடை உள்ளே திரும்பியது. எல்லோரும் கைகுவித்து இறைவனை நோக்கினர். நானோ குனிந்து சக்கரத்தைப் பார்த்திருந்தேன். எங்கள் வாசலை அது கடக்கும்வரை நிமிரவில்லை. அதற்காக அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.