நெவ்யானா போட்ட குழாய்கள்

ஸ்மோல்யான் மலையூர்களில் முப்பத்தொரு வருஷம் பிரசவம் பார்த்த நெவ்யானாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பிரசவ அறையில் கத்துகிற உரிமை ஒருத்திக்குத்தான் என்று பழகிப்போன தொண்டை. அன்று பழைய வண்டிகளைச் சோதிக்கிற கொட்டகையில் அந்தக் குரல் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது.

"இந்தப் படிவத்துல யாரு பேரு எழுதியிருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் பேருதான் பெரியம்மா. ஸ்தாமென்," என்றார் எஞ்சினியர் கிர்செவ், ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போல.

சங்கதி இதுதான். அவளுடைய கார் நாற்பத்தைந்து வயதுக் கிழம். 'பழம்பெரும் வண்டி' என்று சான்று கிடைத்தால் ரோட்டில் ஓடும். கிடைக்காவிட்டால் கோழிகள் குடியேறும். சான்று வேண்டுமென்றால் வண்டி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஏதாவது மாற்றியிருந்தால், அந்தக் காலத்திலேயே, உரிமம் பெற்ற தொழில்காரர் மாற்றியதாக இருக்க வேண்டும். கிர்செவ் குனிந்து பார்த்தபோது, தொழிற்சாலை போடாத இரண்டு ரப்பர் குழாய்கள் எஞ்சினிலிருந்து கிளம்பி, பின்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த இரண்டாவது ஹீட்டருக்குப் போவது தெரிந்தது. ஸ்தாமென் கூட்டுப்பண்ணையின் மெக்கானிக், உரிமம் உள்ளவர். எனவே படிவம் தானே நிரம்பிவிட்டது.

"கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் காபி குடிக்கலாம்."

"ஸ்தாமெனா? நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துட்டார், மண்ணு அவருக்கு லேசா இருக்கட்டும். ஆனா இந்தக் குழாயைப் பார்த்து அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'புது வண்டியைக் கெடுத்துட்டியேடி'ன்னார்."

அவள் கெடுத்ததற்குக் காரணம் இருந்தது. வண்டி வாங்கிய முதல் ஜனவரியில், குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தையைத் தாயோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன்னால் ஓட்டுகிறவளின் கால் வெந்தது. பின்னால் தாயின் மூச்சுக்காற்று கண்ணாடியில் பனிக்கட்டியாய்ப் படிந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிழைத்தது, மயிரிழையில் பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். நெவ்யானா மேலிடத்துக்கு மனு எழுதினாள். 'ஹீட்டர் விதிப்படியே வேலை செய்கிறது' என்று பதில் வந்தது. ஓட்டுகிறவன் காலுக்குக் கோடைக்காலம், பிறந்த சிசுவுக்குப் பனிக்காலம்! இது எந்த ஊர் விதி?

உடைத்துப்போட்ட பஸ் ஒன்றிலிருந்து ஹீட்டரைக் கழற்றி வந்தாள். சுடுநீர் போகிற குழாயையும் திரும்புகிற குழாயையும் அறுத்து, இரண்டிலும் மூன்று வாய் உள்ள டீ ஜாயிண்ட் வைத்தாள். குழாயை உரசாமல் வளைப்பதும், கசியாமல் கிளிப்பை இறுக்குவதும் தொப்புள்கொடி கட்டிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் குளிர்காற்றுதான் வந்தது; குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டாள். ஏப்பம் விட்டது, சரியாகிவிட்டது. அதன்பின் அந்தப் பின்சீட்டில் நானூறு குழந்தைகள் கதகதப்பாய்ப் பயணம் செய்தன. பிப்ரவரியில் அங்கே வைத்த தக்காளி நாற்று காய்த்தது என்றும் சொல்வார்கள். காய்த்தது என்பது மிகை; பூத்தது என்னவோ உண்மை.

"கோபப்படாதீங்க பெரியம்மா. நீங்கதான் போட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"பின்சீட்டுக்குக் கீழ ஒரு வால்வு இருக்கு. அக்டோபர்ல திறப்பேன், மே மாசம் மூடுவேன். கையை விட்டு அதைத் தொட்டுக் காட்டுங்க. ஸ்தாமென் கை உங்க கையைவிட ஒண்ணரை மடங்கு."

கிர்செவ் சிரித்துக்கொண்டே சட்டைக்கையை மடித்தார். சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் தரைமேட்டுக்கும் நடுவே கையை நுழைத்தார். நெருக்கி, முறுக்கி, தொட்டுவிட்டார். "தொட்டாச்சு!" என்றார். கை வரவில்லை. இழுத்தார். இன்னும் இறுகியது. காருக்குள் முட்டிபோட்டபடி வியர்த்தார்.

மேஜையிலிருந்து குமாஸ்தா ராத்கா எழுந்து வந்தாள். "ரம்பம் கொண்டாரட்டுமா சார்? வண்டியை அறுக்கவா, உங்களையா?"

"வண்டியைத் தொட்டீன்னா தெரியும்," என்றாள் நெவ்யானா. "உன் சாப்பாட்டு டப்பாவுல எண்ணெய் இருக்கா? கொண்டா." மணிக்கட்டில் சூரியகாந்தி எண்ணெய் வழிய வழிய ஊற்றினாள். "இழுக்காதீங்க, இழுத்தா வீங்கும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடிங்க. ம். இப்ப மூச்சை விடுங்க. அவசரம் வேண்டாம், எல்லாரும் வெளிய வந்தவங்கதான்."

கை சுழன்று, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, சிவந்துபோய். அழாததுதான் குறை.

நெவ்யானா தன் கையை அதே சந்தில் விட்டாள். வால்வைத் திருகிக் காட்டினாள், எடுத்தாள். ஒரு கீறல் இல்லை.

கிர்செவ் நெடுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நம்புறேன். ஆனா உரிம நம்பர்? அது இல்லாம நான் எழுத முடியாதே."

அவள் ஐந்து இலக்கம் சொன்னாள், மனப்பாடமாக.

"இது எந்த உரிமம்?"

"பிரசவம் பார்க்கிற உரிமம்."

"பெரியம்மா!"

"உங்க படிவத்தைப் படிங்க. உரிமம் பெற்ற தொழில்காரர்னுதான் இருக்கு. எந்தத் தொழில்னு எங்க கேட்டிருக்கு?"

படித்தார். திருப்பியும் படித்தார். ராத்கா எட்டிப் பார்த்து, "கேக்கல சார்," என்றாள். கிர்செவ் பெருமூச்சு விட்டுப் புதுப் படிவம் ஒன்றை இழுத்தார்.

"புதுசு வேண்டாம்," என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள் நெவ்யானா, வீங்கிய இடத்திலேயே. "இதுலயே அடிச்சு எழுதுங்க. யாரை அடிச்சு யாரை எழுதினீங்கன்னு படிக்கிறவனுக்குத் தெரியட்டும்."