ஆட்சேபணை இல்லாதவர்

அவர் நாற்காலிகளை வாடகைக்கு விடுபவர். கல்யாணமோ சாவோ, மனிதர்கள் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்ற நம்பிக்கையில் நடக்கும் தொழில். ஊருக்கெல்லாம் அவர் நாற்காலிக்காரர். வீட்டில் மனைவிக்கு மட்டும் 'ஏங்க'.

அரசாங்கம் அவரைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். எந்த முடிவையும் மக்களிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம். அலுவலகம் அதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டு மண்டபம் பிடித்தது, பேனர் கட்டியது, மைக் வைத்தது. மக்கள்தான் வரவில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பவர்கள் வரவில்லை. கூலியே இல்லாதவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. போட்டோ எடுக்க வந்தவர் காலி மண்டபத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பின்சுவரில் சாய்ந்து நின்ற நாற்காலிக்காரரை அலுவலக எழுத்தர் கூப்பிட்டார்.

"அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க? முன்னாடி வந்து உக்காருங்க. ஆள் இருக்கற மாதிரி இருக்கும்."

அன்று உட்கார்ந்தவர்தான்.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. நிறைய நாற்காலி போட்டால் கூட்டம் குறைந்துபோகும், குறைவாகப் போட்டால் மண்டபம் நிரம்பி வழியும் என்று கண்டுகொண்டார். அவரிடம் நாற்காலி தூக்கும் பையன்களும் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார்கள். புகைப்படத்தில் ஜனநாயகம் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும்.

கடைசியில், "பொதுமக்கள் தரப்பில் யாராவது பேசுகிறீர்களா?" என்று அதிகாரி கேட்பார். அமைதி நீண்டால் நாற்காலிக்காரருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் ஒருமுறை மரியாதைக்கு எழுந்து, "நல்ல திட்டம்தாங்க. எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. நன்றிங்க" என்றார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. இப்படித்தான் ஒரு பேருந்துத் தடம் ரத்தாக ஒப்புக்கொண்டார். சந்தை இடம் மாறச் சம்மதித்தார். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை வரவேற்றார். தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தைப் பார்த்து, "எவன்தான் இதுக்கெல்லாம் சரின்னு தலையாட்டுறானோ!" என்று திட்டவும் செய்தார். மனைவி அவரையே பார்த்தாள்.

ஏமாற்றுக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. கால் விரிசல் விட்ட ஒரு நாற்காலியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. யாரையாவது கேட்கவேண்டும் என்றது சட்டம். அவரும் யாரோ ஒருவர்தானே.

அவர்கள் தெருமுனையில் ஓர் அரசு மருந்தகம் இருந்தது. இரண்டு அறை, ஒரு நர்ஸ். மனைவிக்குச் சர்க்கரை. காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவாள். அந்த மருந்தகத்தை மூடி, ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்கப் போவதாக நர்ஸம்மா சொன்னாள். அங்கே போக இரண்டு பேருந்து மாறவேண்டும். அதில் ஒன்று இப்போது ஓடுவதில்லை. அதற்கும் அவர் ஆட்சேபிக்கவில்லை என்பது நினைவிருக்கலாம்.

"ஏங்க, நாளைக்குக் கூட்டத்துக்கு உங்க நாற்காலிதானே?" என்றாள் மனைவி.

"ஆமா."

"எப்பவும் நீங்கதானே பேசுவீங்க?"

"ஏதோ ரெண்டு வார்த்தை."

"அந்த ரெண்டு வார்த்தைய நாளைக்கு நமக்காகப் பேசுங்க. மூடக்கூடாதுன்னு சொல்லுங்க. நான் தெருவுல நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்."

"இந்தத் தெருவுலயா? செத்தாக்கூட தூக்க நாலு பேரு கிடைக்காது."

"சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன்மா."

மறுநாள் வண்டியில் நாற்காலி ஏற்றும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மருந்தகத்த மூடக்கூடாதுங்க." பையன்கள் சிரித்தார்கள். "என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?"

மண்டபத்தில் அவர் கை வழக்கம்போலக் குறைவாகவே நாற்காலி போட்டது. பையன்கள் வழக்கம்போலச் சட்டை மாற்றி உட்கார்ந்தார்கள். அப்புறம் தெரு வந்தது. உண்மையாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்தபடி மனைவி முன்னால் வர, பின்னால் கைக்குழந்தையோடு பெண்கள், வேலைக்கு மட்டம் போட்ட ஆண்கள். வராந்தா நிரம்பி, படிக்கட்டு நிரம்பியது. அதிகாரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கும் காலத்திலிருந்தே மக்கள் பங்கேற்பில் நம்பிக்கை கொண்டவர் அவர். ஆனால் மண்டபத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. நாற்காலி நிரம்பிவிட்டதால் கதவைச் சாத்தினார்கள். வெளியே இருப்பவர்கள் ஒலிபெருக்கியில் கேட்கலாம்.

"வண்டியில இன்னும் கிடக்கு. எடுத்தாரட்டுமா?" என்றார் நாற்காலிக்காரர்.

"ஆரம்பிச்சாச்சுண்ணே, உக்காருங்க" என்றார் எழுத்தர்.

உட்கார்ந்தார். உள்ளே அலுவலகத்தாரும் நாற்காலி தூக்கும் பையன்களும் அவரும். வெளியே பொதுமக்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவி ஒற்றைக் காலில் நின்றாள்.

திட்டத்தை விளக்கினார்கள். படம் போட்டுக் காட்டினார்கள். பிறகு அதிகாரியம்மா கேட்டார். "பொதுமக்கள் தரப்பில் யாராவது பேசுகிறீர்களா?"

அவர் எழுந்தார். மைக் கைக்கு வந்தது. "நல்ல திட்டம்தாங்க," என்றது வாய். "எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. நன்றிங்க."

யாரோ பேசுவதைப்போல அவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கைதட்டினார்கள். பையன்களும் தட்டினார்கள், பழக்கம்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி இருக்கே?" என்றாள்.

"அவரேதான்."

வெளியே சத்தம் எழுந்தது. கதவைத் தட்டினார்கள். வெளியில் இருப்பவர்கள் தங்கள் கருத்தை எழுத்து மூலமாக அனுப்பலாம், அலுவலகம் அதையும் மதிக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. கதவு திறந்தபோது தேநீர் வந்திருந்தது. நாற்காலிக்காரர் எழுத்தரின் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் சொல்ல வந்தது அது இல்லப்பா."

"நீங்களே மைக்ல சொல்லிட்டீங்க. இனிமே நான் என்னண்ணே பண்றது?"

பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர், ஆட்சேபணை ஏதும் எழவில்லை என்று அறிக்கை போயிற்று. முதல் பாதி உண்மையாக இருந்தது அந்த ஒரு முறைதான்.

எல்லோரும் போனபிறகு மனைவி உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி. அவர் மற்றவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாய் தானா சொல்லிடுச்சு" என்றார்.

"தெரியும்" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் போடவில்லை.

மருந்தகம் மூடப்பட்டது. அடுத்த கூட்டம் அந்தக் காலிக் கட்டடத்தை என்ன செய்யலாம் என்பதற்கு. நாற்காலிக்காரர் வண்டியிலிருந்த அத்தனையையும் இறக்கிப் பரப்பினார். "எதுக்குண்ணே இவ்வளவு? போட்டோல காலியாத் தெரியும்" என்றார் எழுத்தர். "வந்தாலும் வருவாங்க" என்றார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு வேறு கடையில் நாற்காலி எடுத்தார்கள்.

போகும் முன் நர்ஸம்மா அவருக்குக் கட்டு மாற்றச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்தான் மாற்றுகிறார். அதற்கென்று ஒரு நாற்காலியை வாடகையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். மனைவி அதன்மேல் காலை நீட்டுவாள். அவர் பழைய துணியை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பார்.

"ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள் ஒருநாள்.

"என்ன கேக்கணும்?"

"ஆட்சேபணை இருக்கான்னு."

அவர் கை நின்றது. "இருக்கா?"

"இருக்கு. வலிக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு, மீதித் துணியை இன்னும் கொஞ்சம் நனைத்தார்.