ஆறு சிஆர்ஓ, மூணு லேபு

எங்க காலேஜு இன்னிக்கு யுனிவர்சிட்டி. கேட்டுலர்ந்து எங்க லேபுக்கு நடந்து வந்தா கால் வுட்டுடும்னு பேட்டரி வண்டி ஓட்டுறாங்க. அதுல ஏறும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துடும். ஒரு காலத்துல இந்த மொத்த எடத்தயும் நான் ஒரே மூச்சுல ஓடியே கடந்திருக்கேன்.

பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி, கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களத் தாண்டி, நெல்லு வயலுக்கு நடுவுல ஒரு மாடி வெச்ச கட்டடம் ஒண்ணு, பின்னால ஒரு தகர ஷெட்டு. அவ்ளோதான் காலேஜு. ஐடிஐ முடிச்ச கையோட லேப் அட்டெண்டரா சேந்தேன். அம்மாவும் அப்பாவும் கழனி வேலைய வுட்டுட்டு கம்பெனி கான்ட்ராக்டுக்குப் போனவங்க. எங்க ஊட்டுல ஃபேனுக்குக் கீழ வேலை பாத்த மொத ஆளு நாந்தான். அந்தத் திமிரு எனக்கு நல்லாவே இருந்துது.

மொத வருஷம் முடியற நேரம் கமிட்டி வருதுன்னாங்க. அவங்க லேபெல்லாம் பாத்து சரின்னு சொன்னாதான் அடுத்த வருஷம் புள்ளைங்கள சேக்கலாம். இல்லன்னா காலேஜ இழுத்து மூட வேண்டிதான், நான் அம்மாகூட கம்பெனி வேன்ல ஏற வேண்டிதான். மூணு லேபுக்கும் சேத்து பதினெட்டு சிஆர்ஓ இருக்கணும். சிஆர்ஓன்னா, கரண்டு எப்டி அலையுதுன்னு பச்சைக் கோடு போட்டுக் காட்டுற டப்பா. தூக்குனா தோள்பட்டை எறங்கிடும். எங்ககிட்ட இருந்தது ஆறு. மீதி பன்னண்டையும் ஏத்திக்கினு வந்த லாரி ஆந்திரா பக்கம் மழையில மாட்டிக்குச்சு.

எங்க ஹெட்டு சாரு தங்கமான மனுஷன். ஆனா பயந்துட்டாருன்னா மூளை கன்னாபின்னான்னு வேலை செய்யும். கீழ் லேபப் பாத்து முடிச்சதும் கமிட்டிக்கு எளநீர் குடுங்க, அவங்க குடிக்கிறதுக்குள்ள ஆறு டப்பாவும் பின்படி வழியா மேல் லேபுக்குப் போயிடணும், அங்க முடிஞ்சதும் சமோசா, அதுக்குள்ள ஷெட்டுல இருக்கிற மூணாவது லேபுக்குப் போயிடணும்னுட்டாரு. கேட்டதும் எனக்கு ஒதறல். ஆனா அந்த வயசுல ஒதறலும் குஷியும் ஒண்ணாதான் வருது. நானு, இன்னொரு அட்டெண்டரான அத்திப்பட்டு அக்கா, கேன்டீன் அண்ணனுங்க ரெண்டு பேரு, நாலு பேரும் ஓடுனோம் பாருங்க, கல்யாண ஊட்டுல பந்திக்குப் பந்தி எலை போடுறவங்ககூட அப்டி ஓடியிருக்க மாட்டாங்க.

பாதிப் படியில அக்காவுக்கு இடுப்பு புடிச்சிக்குச்சு. அங்கியே ஒக்காந்துட்டாங்க. லேபுக்கு ஒரு அட்டெண்டரு நிக்கணுமே, இன்னா பண்றது? மேல் லேப்ல வேற ஆளு மாதிரி அக்காவோட கண்ணாடிய மாட்டிக்கினு நின்னேன். எதிர்ல இருக்கிறது கமிட்டியா கதவான்னே தெரியல. வணக்கம் சொன்னது கதவுக்குத்தான்னு அப்புறம் சொன்னாங்க. ஷெட்டுல கண்ணாடியையும் லேப் கோட்டயும் கழட்டிட்டு, கொண்டைய அவுத்துப் பின்னல் போட்டுக்கினு நின்னேன்.

எல்லாம் முடிஞ்சி அப்பாடான்னு திரும்பறேன், அப்பதான் அது கண்ணுல பட்டுது. ஆறுல ஒண்ணு ரொம்ப நல்லா வேலை செய்யும். அடையாளத்துக்கு அது மூலையில நான் மெரூன் நெயில் பாலிஷ் வெச்சிருந்தேன். பெரிய கட்டைவிரல் நகம் சைஸுக்கு. மூணு லேப்லயும் மொத டேபிள்ல அதான் ஒக்காந்திருக்கு. என் பத்து வெரல்லயும் அதே கலரு.

கமிட்டில கடைசியா போன கண்ணாடிக்கார சாரு அத ஒரு தடவை பாத்தாரு, என்னைய ஒரு தடவை பாத்தாரு. அப்டியே காருக்குப் போயிட்டாரு.

ரெண்டு வாரத்துல லெட்டரு வந்துது. ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் பர்மிஷன், அதுக்குள்ள லேபுக்கு லேபு தனித்தனியா சாமான் இருக்கணும். இவ்ளோ ஓடியும் ஒரு வருஷந்தானான்னு ஹெட்டு சாருக்கு ஒரே பேஜாரு. காரணம் என் நகந்தான்னு எனக்குத் தெரியும். நெயில் பாலிஷ் வெக்கிறதையே வுட்டுட்டேன்.

அப்புறம் வளந்துது பாருங்க, கண்ணு வெச்சாலும் நிக்காத வளர்த்தி. லாரி வந்துது, அது பின்னால லாரி லாரியா வந்துது. ஒரு லீவு போட்டுட்டு வந்தா ஒரு பிளாக்கு புதுசா நிக்கும். எதிர்ல நெல்லு போட்டவரு வரப்புல டீக்கடை வெச்சாரு, இப்ப அங்கியே ரெண்டு மாடி மெஸ்ஸு. புள்ளைங்க நாஷ்டாவுக்கு டோக்கன் வாங்கி நிக்கிதுங்க. காலையில மீஞ்சூர்ல ரயில்ல கால வெக்க எடமில்ல, பூரா நம்ம ஐடி கார்டுதான். ஒரு சாவி வெச்சிருந்த நான் இடுப்புல முப்பது சாவியோட ஜல்ஜல்னு நடந்தேன், அப்புறம் அதுவும் போயி கார்டு தேச்சாத் தொறக்குற கதவு. ஒருநாள் டிரோன் லேபு எங்கன்னு தெரியாம ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்ட வழி கேட்டேன். வேலைக்குப் புதுசாக்கான்னு கேக்குறான், எனக்குச் சிரிச்சி மாளல.

போன வருஷம் யுனிவர்சிட்டி ஆக்கறதுக்குக் கமிட்டி வந்துது. காரு கதவத் தொறந்து எறங்குறாரு, அதே கண்ணாடிக்கார சாரு. தலை நல்லா நரைச்சிருந்துது. இவ்ளோ பெரிய கப்பல என் நகக்கலரு கவுத்துடப் போவுதேன்னு எனக்குக் கை காலு ஓடல. லேபு பூரா புது மானிட்டருங்க, கொறைன்னு ஒண்ணு கெடையாது. ஆனாலும் நகத்துல கலரு இல்லாமயே கையப் பின்னால மறைச்சிக்கினேன்.

ஒவ்வொண்ணா பாத்துக்கினு வந்தவரு என் முன்னால நின்னாரு.

"அந்த மெரூன் புள்ளி வச்ச சிஆர்ஓ இன்னும் இருக்காம்மா?"

ஹெட்டு சாரு மொகம் வெளுத்துடுச்சு. நான் ஓடுனேன். பின் பிளாக்கு ஸ்டோர் ரூமு, ரெண்டு மாடி. லிஃப்ட் இருக்குன்னே மறந்துபோச்சு. அதத் தூக்கி மார்ல அணைச்சிக்கினு படியில ஓடியாந்து, டேபிள்ல வெச்சி பிளக்கச் சொருவுனேன். பச்சைக் கோடு நிதானமா வந்து நின்னுது.

அவரு அந்தப் புள்ளிய வெரலால தொட்டாரு. "அன்னிக்கு பர்மிஷன் இல்லன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். மூணு லேப்லயும் ஒரே பொண்ணு, மூச்சு வாங்கிட்டு நிக்குது. இவ்வளவு ஓடுறவங்களுக்கு ஒரு வருஷம் குடுத்துப் பாக்கலாம்னு தோணிச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துடுச்சு. பத்து வருஷமா கஞ்சத்தனம்னு நாங்க திட்டுன லெட்டரு அது.

"இப்பதான் எல்லாம் இருக்கே, ஏம்மா ஓடுனீங்க?"ன்னாரு.

பதில் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். மூச்சுதான் வந்துது. அவரே ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு, நான் ஒக்கார்ற வரைக்கும் நின்னாரு.