ஒரு பிள்ளை, மூன்று ரிசல்ட்

போன கிழமை, பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. கனடாவில் இருக்கும் என் அண்ணன். ஹலோ கூட இல்லை.

"மூண்டு ஏ! நம்மட புள்ளைக்கு மூண்டு ஏ! இனி அவள் டொக்டர்தான்!"

நம்மட புள்ளை என்றால் என் தம்பி தேவனின் மகள் நிரோஷா. நாவற்குடாவில் இருக்கிறாள். பயோ படித்து, கெம்பஸுக்குப் போவதற்கான ஏ.எல். பரீட்சை எடுத்தவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாயில்லாப் பிள்ளை அல்லவா? ஐந்து வருடத்துக்கு முன் சுனாமி அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனது. சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன்... அடுத்த போன். களுதாவளையில் இருந்து அக்கா. ஒரே அழுகை.

"ரெண்டு பாடம் பெயிலாம் புள்ள. நான் இனி இந்த முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

அக்கா யாருடைய முகத்தை நினைத்து அழுதாள் என்று கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை.

கனடாவில் மூன்று ஏ. களுதாவளையில் இரண்டு பெயில். இதென்ன கூத்து? இவர்களை நம்பிப் பிரயோசனமில்லை, நானே பார்க்கிறேன் என்று கலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த அவளுடைய பரீட்சைச் சுட்டெண்ணைப் போனில் அடித்து, ரிசல்ட் சொல்லும் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். பதில் வந்தது. 'பரீட்சைக்குத் தோற்றவில்லை.'

தோற்றவில்லையா? அப்படியானால் பரீட்சை நாட்களில் எல்லாம் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக இவள் எங்கே போனாள்?

சுட்டெண் எங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டில் எப்படி வந்ததோ அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை ஏ.எல். எடுத்தால் அந்தப் பிள்ளையின் சுட்டெண் குடும்பச் சொத்து. போன தீபாவளிக்கு எல்லோரும் தம்பி வீட்டில் கூடினோம். சண்டை முடிந்து வந்த முதல் தீபாவளி. செக்பொயின்ட்டில் இறங்கி ஏறாமல், பயமில்லாமல் வந்திருந்தோம். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் நாங்கள் பேசியது ஒரே ஒரு விஷயம்.

"பிசிக்ஸ் எப்படிப் புள்ள? கட்-ஓஃபுக்குக் காணுமா?"

"அம்மாவ நினைச்சுப் படிச்சனீதானே? மெடிசின் கிடைக்கும், பயப்படாத."

"சரி சரி, நம்பரத் தா!"

அண்ணனும் கனடாவில் இருந்து ஸ்பீக்கர் போனில் கேட்டான். அவள் முகம் சுளிக்கவில்லை. கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, துண்டு துண்டாக வெட்டி, அழகான கையெழுத்தில் எழுதி ஆளுக்கொன்று தந்தாள். அண்ணனுக்குப் போனிலேயே வாசித்துச் சொன்னாள். என்ன அடக்கமான பிள்ளை என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

இப்போது ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நாவற்குடாவுக்கு ஓடினேன். தம்பி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தான்.

"புள்ள எங்கடா?"

"விடிய சைக்கிள எடுத்திட்டுப் போனாள் அக்கா. வருவாள்."

"எங்க போனவள்?"

"கேக்கல்ல."

கேட்கவில்லையாம்! அவளுடைய போனும் ஓஃப். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் காணவில்லை என்றால் மனது எங்கெல்லாம் போகும் என்று நான் உங்களுக்கு எழுத வேண்டுமா? இத்தனை வருடமும் வேறு பயம். இன்றைக்கு ரிசல்ட் வந்த நாள் என்ற பயம். வாவி இருக்கிறது, பாலம் இருக்கிறது... சீ, என் வாயைக் கழுவ வேண்டும். ஆனால் நினைத்தேன். கேற்றுக்கும் கதிரைக்குமாக நடந்தேன்.

ஒன்பது மணிக்கு மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். சைக்கிள் கூடையில் இரண்டு இறாத்தல் பாண்.

உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எங்க போனனீ? பரீட்சைக்குப் போகவே இல்லையாமே நீ! எங்கள எல்லாம் பேக்காட்டிப் போட்டியே?"

அவள் சைக்கிளை ஆறுதலாகச் சாத்தினாள்.

"பரீட்சைக்குப் போனன் மாமி. கனடாப் பெரியப்பாவுக்குக் குடுத்தது எனக்கு முன்னால இருந்த புள்ளைட நம்பர். களுதாவளை மாமிக்குக் குடுத்தது பின்னால இருந்தவள்ற. உங்களுக்குக் குடுத்தது பக்கத்தில கிடந்த வெறும் மேசைட. அந்தப் புள்ளைக்குக் கலியாணமாயிட்டு, வரல்ல."

அண்ணன் திரையில் பெயரைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று ஏ கண்ணில் பட்ட பிறகு பெயரை யார் பார்க்கிறார்கள்?

"ஏன்டி இப்பிடிச் செஞ்சாய்?"

"என்ட ரிசல்ட்ட நான்தான் முதல்ல பாக்கணும் எண்டு நினைச்சன். பார்த்திட்டன். அவ்வளவுதான்."

"நாங்க முதல்ல பார்த்தா என்ன குறைஞ்சு போகும்?"

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பியிருப்பேன்.

"அம்மா செத்தது எனக்குக் கடைசியாத்தான் தெரியும் மாமி. கனடாவுக்குத் தெரியும். களுதாவளைக்குத் தெரியும். 'அம்மா ஆஸ்பத்திரியில இரிக்கா, மருந்து கட்டுறாங்க' எண்டு நீங்க மூணு நாள் சொன்னீங்க. மறுகா முகாம்ல சாப்பாட்டுப் பார்சலுக்கு நிக்கக்குள்ள ஆரோ ஒரு ஆள் என்னக் காட்டி, 'இதுதானே அந்தச் செத்த பொம்புளைட மகள்' எண்டு கேட்டா. அப்பதான் எனக்குத் தெரியும். என்ட வீட்டுச் செய்திய இன்னொருக்கா ஊராக்கள்ற வாயால கேக்கேலாது எனக்கு."

நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். சொன்னது நான்தான். பதினாலு வயதுப் பிள்ளை, தாங்காது என்று நினைத்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அது இரக்கமாகத் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. நான் கேட்டேன்.

"அழாதீங்க மாமி," என்றாள். "அப்பாட்ட இப்ப சொல்றன். உங்களுக்கெல்லாம் பொங்கலண்டு சொல்றன்."

அன்று பின்னேரமே அண்ணனுக்கும் அக்காவுக்கும் போன் பண்ணி, பொங்கலன்று அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, கேட்டால் என் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். அண்ணன் மூன்று ஏயையும் பறிகொடுத்த துக்கத்தில் போனை வைத்துவிட்டான்.

பொங்கலன்று காலை. பானை பொங்கி, படைத்து முடிந்தது. நிரோஷா தானாகவே வந்து நின்றாள். "ரெண்டு பி, ஒரு சி. மெடிசின் வராது. திருப்பி எடுக்கிறல்ல. சயன்ஸுக்குக் கிடைக்கும், போறன்," என்றாள். தம்பி தலையாட்டினான். அக்கா வாயைத் திறந்தாள், நான் முறைத்தேன், மூடினாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இனித்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு சத்தமில்லை. ரிசல்ட் முடிந்துவிட்டது... இனி இந்தப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது? நான் யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுமே வரவில்லை! அவளுக்கு என்ன பிடிக்கும், யார் கூட்டாளி, எதற்குச் சிரிப்பாள்... ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்பில் எத்தனை மார்க்ஸ் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். ஓ.எல்.லில் எத்தனை ஏ என்று கேளுங்கள். பிறந்ததில் இருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை, எதிரில் இருந்து பொங்கல் புக்கை தின்கிறாள். என்னிடம் ஒரு கேள்வி இல்லை.

பாவம், அக்காதான் முயற்சி செய்தாள்.

"என்ட கிளி, நாளைக்கு என்னோட களுதாவளைக்கு வாவன். நல்ல பாரை மீன் வாங்கி, புளி விட்டுக் குழம்பு வச்சித் தாறன்."

"வாறன் மாமி. ஆனா மீன் வேணாம். நான் கடல் மீன் தின்னுறல்ல."

"எப்ப இருந்து?"

"அம்மா போனதில இருந்து."

"பின்ன ஒவ்வொரு நாள் பெருநாளுக்கும் ஒன்ட சோத்துக் கோப்பையில வைக்கிற மீனெல்லாம்?"

அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க அங்கால திரும்பக்குள்ள அப்பா எடுத்துத் தின்னுறவர்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். 'மூளைக்கு நல்லது, தின்னு புள்ள, ஏ எடுக்கணும்' என்று சொல்லிச் சொல்லி, ஐந்து வருடமாக அந்தப் பிள்ளையின் கோப்பையில் மீனை வைத்தவள் நான்.