அழாதே என்று சொல்லாதவர்

"பெரிய வெள்ளிக்கு வாரேன். ஈஸ்டருக்கு என்னயக் கூப்பிடாதீங்க" என்று என் மனைவி சொன்னபோது, ஏதோ அலுப்பில் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் அது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், எங்களுக்கு ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் சாய்ப்பும். முந்தைய ஆடி மழையில் எங்கள் மகள் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தாள். ஐந்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை.

மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காததால் தோட்டத்து ஜீப்பில் மலைக்குக் கீழே கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கம்பம்மெட்டைத் தாண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, "வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றாள் அவள். ஏன் என்று கேட்டேன். அவள் மடியில் கிடந்த பிள்ளையின் பாதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். குளிர்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு ஊரே அவளைத் தாங்கியது. குறை சொல்ல எதுவும் இல்லை. காட்டில் காய் எடுக்கும்போது அவள் கண் கலங்கினால் பக்கத்து நிரையில் இருக்கும் பெண்கள் வந்து முதுகைத் தடவுவார்கள். "அழாத தாயி, புள்ள சம்மனசா ஆயிட்டா" என்பார்கள். சம்மனசு என்றால் வானதூதர். வீட்டில் நானும் அதையேதான் சொன்னேன். அவள் ஒரே ஒருமுறைதான் திருப்பிச் சொன்னாள்: "எனக்குச் சம்மனசு வேணாம். புள்ளதான் வேணும்."

எங்கள் தோட்டத்துக் கோயில் தகரக்கூரை போட்ட சின்னக் கட்டடம். பங்குச் சாமியார் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் சுவிசேஷத்தை அவர் மலையாளத்தில் வாசித்ததும் அதே பகுதியை எங்களில் ஒருவர் தமிழில் வாசிக்க வேண்டும். நாலு வருடமாக அதைச் செய்தவள் என் மனைவி. அவள் ஊரில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். குரல் கணீரென்று இருக்கும். பிள்ளை போனபின் முடியாது என்றுவிட்டாள். வேறு ஆள் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் மூன்றாவது வரைதான் படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

சொன்னபடி பெரிய வெள்ளிக்கு வந்தாள். ஏலக்காட்டு வழியாக, பதினாலு நிலைகளில் நின்று ஜெபித்தபடி, சிலுவைப்பாதை போனோம். சிலுவை சுமந்து போகும் மகனைத் தாய் சந்திக்கிற நிலையில் முழந்தாளிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள். அன்றைக்கு அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இந்த வெள்ளி எனக்குப் புரியுது. மாதாவும் செத்த புள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருந்தாக. ஆனா அவுகளுக்கு மூணாம் நாளு புள்ள திரும்ப வந்துச்சு. நான் ஒம்பது மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தக் கோயில்ல நின்னு எப்பிடி அல்லேலூயா பாடச் சொல்றீக?"

அதே கேள்வி எனக்கும் இருந்தது. வாய்விட்டுக் கேட்கிற தைரியம்தான் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானத்தோடு வேலை முடிந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து மறுநாள் வாசிக்க வேண்டியதைப் பழகிக்கொண்டிருந்தேன். சாமியார் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அவள் உள்ளே சுளகில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லறைக்குள் கிடந்த துணிகளைச் சீடர்கள் பார்க்கிற இடத்தில் 'துணைகள்' என்று வாசித்துவிட்டேன்.

"துணை இல்ல, துணி" என்றாள் உள்ளேயிருந்து. "ஒடம்பச் சுத்தியிருந்த துணி."

திருத்தி வாசித்தேன். சீடர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். கல்லறைக்கு வெளியே, இயேசுவின் பின்னால் நடந்த மரிய மதலேனம்மாள் மட்டும் அழுதுகொண்டு நிற்கிறாள். அந்த இடத்துக்கு வந்ததும் சுளகின் சத்தம் நின்றது.

"ஈஸ்டருக்கு அம்புட்டுத் தூரம் வாசிக்கிறது இல்லையே. சீடருக வந்து பாக்கிறதோட முடிஞ்சிரும்."

"சாமி இது வரைக்கும் கோடு போட்டிருக்காக."

"எங்க, குடுங்க."

கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். ஒன்பது மாதத்தில் முதல்முறை. ஒருதடவை சத்தமாக வாசித்தாள். பிறகு வாய்க்குள் வாசித்தாள். பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன தடவ இதப் படிச்சிருப்பேன். கண்ணுல படவே இல்ல பாருங்க."

"என்னது?"

"செத்தவரு எந்திரிச்சு வந்திருக்காரு. மொதமொதல்ல பாக்கிறது ஒரு அழுகிற பொம்பளைய. நான்தான் எந்திரிச்சுட்டேனே, அழாதன்னு அவரு சொல்லல. ஏன் அழுறேன்னு கேக்காரு." புத்தகத்தை மடியில் வைத்தாள். "என்னய இதுவரைக்கும் யாரும் அப்பிடிக் கேக்கல. நீங்களும் கேக்கல."

"தெரிஞ்சதைக் கேட்டு என்ன செய்ய?"

"அவருக்கு மட்டும் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான கேக்காரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "சரி, சொல்லு. ஏன் அழுற?"

பிள்ளை செத்ததற்காக என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "ஜீப்புல வச்சுத் தண்ணி கேட்டா. மெட்டுக்குப் போனதும் சுடுதண்ணி வாங்கித் தாரேன், கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். சரின்னு தலைய ஆட்டுனா. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

நான் அதே ஜீப்பில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மழையிலும் இன்ஜின் சத்தத்திலும் எனக்கு அது கேட்கவில்லை. ஒன்பது மாதம் இதைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். பொழுது சாயும்வரை பேசினாள், அழுதாள், மறுபடியும் பேசினாள். நான் ஒருதடவைகூட அழாதே என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் நான் கூப்பிடவில்லை. அவளே குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். சாமியார் ஜீப்பில் வந்து இறங்கும்போது பத்து மணி. கோயில் நிறைந்திருந்தது. அவர் மலையாளத்தில் வாசித்து முடித்ததும் நான் போய் நின்றேன். துணி என்று சரியாகவே வாசித்தேன். மரிய மதலேனம்மாள் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிற இடம் வந்ததும் சனங்களிடையே ஒரு சின்ன அசைவு. எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர் என்றால் நாங்கள்தான். ஆண்டவர் எங்களைப்போல ஒருவராகத் தெரிந்திருக்கிறார் என்பதில் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்.

அடுத்த வரியில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அங்கே நின்றுவிட்டேன். ஆடியிலிருந்து எங்கள் வீட்டில் எங்கள் மகளின் பேரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் என் மனைவி அழுவாளே என்று நான் விழுங்கிவிடுவேன். அது அந்த நிமிடம் நாக்கில் வந்து நின்றது. புத்தகத்தில் இருக்கும் பேரையும் சொல்ல முடியவில்லை. "சாரமில்ல, மெதுவா வாயிச்சா மதி" என்று சாமியார் தணிந்த குரலில் சொன்னார், பரவாயில்லை, மெதுவாக வாசித்தால் போதும் என்று. முடியவில்லை. பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழாதவன், சனங்களுக்கு முன்னால் தோள் குலுங்க நின்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். "மரியே" என்று, வாசலில் நிற்கிற ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல வாசித்தாள். நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அன்றைக்கு அல்லேலூயாவும் பாடினாள்.

பூசை முடிந்து இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புல்லைப் பிடுங்கிக்கொண்டே, "எல்லாரும் எந்திரிக்கிற நாள்ல இவ கண்ணத் தொறந்ததும் தண்ணிதான் கேப்பா. நான் கையில வச்சிருக்கணும்" என்றாள். இருட்டிக்கொண்டு வருது, குடை எடுக்கணும் என்று சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், அதாவது செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்று நம்புகிறேன் என, சிறுவயதிலிருந்து ஜெபத்தில் சொல்லிவந்திருக்கிறேன். அதில் தண்ணீர் கேட்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மகள் அந்த ஞாயிறும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் உயிர்ப்பை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தோம். அது தப்பு. நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே அறையில் இருக்கலாம்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் கோழிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வாசலிலேயே நின்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகள் ஒருதடவை அவர்கள் வீட்டுக் கோழிக்குக் கழுத்தில் ரிப்பன் கட்டிவிட்ட கதையை என் மனைவி பேர் சொல்லிச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் தயங்கி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.