கருவை பிடுங்கிய கூத்தையா

கூத்தையா டிராக்டர் வாங்கியபோது சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. வைக்கோல் தின்கிற மாட்டை விற்று எண்ணெய் குடிக்கிற மாட்டைப் பிடித்து வந்திருக்கிறான் என்றார்கள். மாட்டை மட்டுமா விற்றார்? மனைவி பூமயிலுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த கண்மாய்க்கரை நஞ்சையையும் சேர்த்தல்லவா விற்றார்!

நஞ்சை கையகலம்தான். கூத்தையாவின் அய்யா விட்டுப்போன புஞ்சையோ பெரிது. ஆனால் அதில் கால் வைக்க வழியில்லை. வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும் என்று யாரோ கொண்டுவந்து தூவிய சீமைக் கருவை முள்மரம், நாலைந்து மழைக்குள் அதை முழுசாக விழுங்கியிருந்தது.

"புஞ்சை வெளஞ்சா இதமாதிரி நாலு நஞ்சை வாங்கலாம்" என்றார் கூத்தையா.

"வெளையலைன்னா?" என்றாள் பூமயில்.

"வெளையாம எங்கன போகும்?"

அவள் கைநாட்டு வைத்தாள்.

தங்கச்சிமடத்துச் சந்தியாகு அறுபத்துநாலாம் வருஷப் புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர். இனி எதை உழப்போகிறோம் என்று தன் சின்ன டிராக்டரை விற்க இருந்தார். முன்னால் மாட்டுகிற சாமான் இரண்டு வைத்திருந்தார். ஒன்று அகலமான இரும்புத் தகடு, பிளேடு. மற்றது நீளநீளமாய் வளைந்த இரும்புப் பல் வரிசை. எதையாவது ஒன்றைத்தான் வண்டியோடு தருவேன் என்றுவிட்டார்.

கூத்தையா இரண்டையும் சுற்றிச்சுற்றி வந்தார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்தார்.

"பிளேடை எடுத்துக்கங்க. நாலு நாள்ல காட்டை வழிச்சிரும்" என்றார் சந்தியாகு.

"தலையச் செரைச்சா முடி முளைக்காம இருக்குமா? எனக்கு வேரு வரணும். பல்லக் குடுங்க."

சரியாகத்தான் சொன்னார். இந்தக் கதையில் எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். மனிதர் எதையும் யோசிக்காமல் செய்யவில்லை.

வண்டி சரக்கு ரயிலேறிப் பாம்பன் பாலம் தாண்டி வந்தது. சித்திரை வெயிலில் வேலை ஆரம்பித்தது. சின்ன வண்டிக்குப் பெரிய மரத்தை ஒரே மூச்சில் தூக்கச் சக்தி கிடையாது. பூமயில் கடப்பாரையால் தூரைச் சுற்றித் தோண்டுவாள். கூத்தையா பல்லை வேருக்கடியில் கொடுத்து நெம்புவார். முள் குத்தி டயர் இறங்கும். ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி நெம்புவார். வரப்பில் நின்றவர்கள், பிளேடு வாங்கியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமே என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

ஆனி முடிவதற்குள் நிலம் தெளிந்துவிட்டது. கூத்தையா செருப்பைக் கழற்றிவிட்டுப் புஞ்சை முழுக்க நடந்தார். ஒரு முள் குத்தவில்லை. பூமயிலையும் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"நெலம் பசியாக் கெடக்கு. கிடை போட்டுட்டு வெதைப்போம்" என்றார்.

உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரியும் அதைத்தான் சொல்வான். ஆட்டை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சோறு. கீதாரி சின்னக்கருப்பன் தன் மந்தையை ஓட்டி வந்தான். ஆடுகள் கொழுத்திருந்தன.

"ஏப்பா, இந்தக் கோடையில எங்கன மேச்ச?"

"கடலோரம் பூராம் கருவைக் காயிண்ணே. நல்ல இனிப்பு. அதை விட்டா வேற எதையும் மோந்து பாக்காதுக."

"சனியன் புடிச்ச மரத்தால ஆட்டுக்காவது ஒரு பிரயோசனம் இருக்கே" என்று கூத்தையா சிரித்தார். ஒரு சாண் இடமும் விட்டுப்போகக் கூடாதென்று பட்டியைத் தினம் இடம் மாற்றி அடைக்கச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவருக்கு அப்போது தெரியவில்லை. கீதாரிக்கும்தான் தெரியவில்லை.

ஆவணியில், மழையை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே நெல்லைத் தூவும் புழுதி விதைப்பு. ஐப்பசியில் மழை. நெல் முளைத்தது. நெல்லோடு புழுக்கை விழுந்த இடமெல்லாம் இன்னொன்றும் முளைத்தது. ஆட்டின் வயிற்றில் கருவை விதை செரிப்பதில்லை. ஊறிப் பதமாகி, எருவோடு வந்து விழுந்திருந்தது. இருவரும் குனிந்து பிடுங்கினார்கள். ஒன்றைப் பிடுங்கினால் நெல்லும் கூடவே வந்தது. பிடுங்கிய இடத்துக்கு மறுநாள் வந்தால் பக்கத்தில் புதிதாக நின்றது.

கார்த்திகையில் வானம் கைவிட்டது. நெல் காய்ந்து சருகானது. கருவை மட்டும் பச்சையாக நின்றது.

கூத்தையா வண்டியைக் கொண்டுவந்து பல்லை இறக்கிப் பார்த்தார். விரல் கனம்கூட இல்லாத செடிகள் பல்லின் இடுக்கில் வளைந்து, வண்டி போனதும் நிமிர்ந்துகொண்டன. அந்தப் பல்லுக்கு அகப்பட வேண்டுமானால் அவை மரமாக வேண்டும். மரமாகும்வரை எதைத் தின்பது? அவர் வண்டியிலிருந்து இறங்கி, பிடுங்கக்கூடக் குனியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தை மாதம் பூமயில் கூலிக்குக் கதிர் அறுக்கப் போனாள். கண்மாய்க்கரையில், தான் விற்ற நஞ்சையில். பொழுது சாய, கணுக்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தாள். அதைப் பார்த்ததுமே எந்த வயல் என்று கூத்தையாவுக்கு விளங்கிவிட்டது. இருந்தும் கேட்டார்.

"வெளச்சல் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. அந்த மண்ணு என்னைக்கு ஏமாத்துச்சு?" என்றாள் பூமயில்.

காலைக் கழுவப் போனவள், என்ன நினைத்தாளோ, கழுவாமலே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். விறகுக்கு மட்டும் அந்த வீட்டில் பஞ்சமில்லை.