பெட்டி தூக்க ஆறு பேர்

பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்துபோனார் என்று துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. படியிறங்கும்போதே மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்: "போய் ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டு வாங்கோ. ஒண்டையும் பொறுப்பெடுக்காதேங்கோ." திருமணமான நாளிலிருந்து அவள் எனக்குச் சொல்லிவரும் ஒரே அறிவுரை இதுதான். ஒருமுறைகூட நான் கேட்காததும் இதுதான்.

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் புட்டு அவிக்காத வீடு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கிழவரின் முன்னோர் ஜேர்மனியிலிருந்து வந்து, மார்க்கம் என்ற ஊருக்கு வடக்கே காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். கிழவர் மட்டும் இளம் வயதிலேயே கமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். அவருடைய மனைவியை எங்கள் பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு நாங்களும் தொற்றிக்கொண்டோம். அன்ரி பேசுவது ஆங்கிலம்தான். ஆனாலும் அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருடைய குணத்துக்கு அதுதான் பொருந்துகிறது.

அன்ரி அழவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"அவற்ற ஒரேயொரு ஆசை நடக்காது போலக் கிடக்கு," என்றார். "அவையின்ர குடும்பத்திலை ஒருத்தரையும் சில்லு வைச்ச வண்டிலிலை தள்ளிக்கொண்டு போறேல்லை. சேர்ச் வாசலிலையிருந்து குழி மட்டும் சொந்தத்துக்குள்ளை ஆறு பேர் பெட்டியைக் கையிலை தூக்கிக்கொண்டு போகவேணும். இவரும் அதைத்தான் கேட்டவர்."

வாழ்நாள் முழுக்கச் சில்லுக்கு மேல் உட்கார்ந்து உழைத்த மனிதருக்குக் கடைசியில் சில்லே வேண்டாமாம். நியாயம்தான் என்று பட்டது.

"ஆறு பேர்தானே அன்ரி?"

"என்னட்டை இருக்கிறது ஒருத்தன். தங்கச்சியின்ர மகன், மிசிசாகாவிலை. அவனுக்கு முதுகிலை, நாரியிலை ஒப்பரேஷன் செய்து ரெண்டு கிழமை."

"அங்கிளின்ர பக்கத்திலை?"

"ஒருத்தரும் இல்லை."

ஒருத்தரும் இல்லையா? யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இது விளங்காத வசனம். எங்களுக்குச் சொந்தம் குறைவது பிரச்சினையே அல்ல, அதிகமாய் இருப்பதுதான் பிரச்சினை. நான் தினமும் பல்துலக்குமுன் கைப்பேசியில் மரண அறிவித்தல் பார்ப்பவன். தெரிந்தவர் யாரும் போகவில்லை, நானும் போகவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கோப்பி. 'அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மகனும், இன்னாரின் அன்பு மருமகனும்' என்று ஓர் அறிவித்தல் தொடங்கினால், மூன்றாவது வரிக்குள் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு என்ன முறை என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பதா?

"அன்ரி, யோசியாதேங்கோ. ஆறு பேரையும் நான் கொண்டுவாறன்."

வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"பொறுப்பெடுத்திட்டீங்கள், என்ன?"

"சின்ன விசயமப்பா. ஆறு ஆம்பிளையளைத் தேடோணும்."

"எங்கை?"

"ஜேர்மன்காரருக்குள்ளை."

"உங்கட கலியாணத்துக்கே உங்கட பக்கத்திலையிருந்து ஆறு பேர் வரேல்லை," என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போனாள்.

அடக்கம் சனிக்கிழமை. அன்று திங்கள். இந்தக் கணக்கு மண்டைக்குள் இறங்கியதும் கை தானாகவே பிரஷர் மெஷினைத் தேடியது. முதல்முறை ஓர் எண் காட்டிற்று. இரண்டாம்முறை அதைவிடப் பெரிய எண். மூன்றாம்முறை எண் எதுவும் காட்டாமல் பிழை என்றது. அந்த மெஷினை நான் குறை சொல்லவில்லை, அதற்கும் பயம் வந்திருக்கும்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வை என் உத்தியோகம். "யார் இறந்தது?" என்று மேலாளர் கேட்டார். "ஒரு ஜேர்மன் விவசாயி," என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மார்க்கத்தில் ஒரு நூலகத்தின் பின்பக்கத்து அறையில் ஊர்ப் பழங்கதைகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தேவாலயப் பதிவுகள், காணி வரைபடங்கள், பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளின் படச்சுருள்கள். அங்கே பொறுப்பாயிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவர்கள் உறவா?" என்று கேட்டார். "பக்கத்து வீடு," என்றேன். எங்கள் கணக்கில் அது உறவைவிட ஒருபடி மேல்.

முதல் மணித்தியாலம் முழுக்கத் தோல்வி. இந்தக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பெயர் தேடி யாரும் மூளையைக் கசக்கியதில்லை. தகப்பனுக்கு ஒரு பெயர், மூத்த மகனுக்கும் அதே பெயர், அவன் மகனுக்கும் அதே. ஒரே ஆள் மூன்று தரம் பிறந்து, நான்கு தரம் கலியாணம் கட்டி, இரண்டு தரம் செத்ததாகக் குறித்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகளோ கலியாணம் ஆனதும் புருஷனின் பெயருக்குள் புகுந்து மறைந்துவிடுகிறார்கள்.

அப்போதுதான் பழைய மரணச் செய்திகளின் அருமை தெரிந்தது. அந்தப் பத்திரிகைக்காரர் எங்களைப் போலவே செத்தவீட்டை அக்கறையாய் எழுதியிருக்கிறார். என்ன வருத்தம், எவ்வளவு நாள் படுக்கை, சேறாய்க் கிடந்த பாதையிலும் எவ்வளவு சனம் வந்தது என்பதெல்லாம் இருந்தது. கடைசி வரியில் பெட்டி தூக்கிய ஆறு பேரின் பெயரும், அவர்கள் இறந்தவருக்கு என்ன முறை என்பதும் இருந்தன.

எனக்கு வேறென்ன வேண்டும்? கிழவரின் பாட்டனைத் தூக்கியவர்களைப் பிடித்தேன். அவர்கள் செத்தபோது அவர்களைத் தூக்கியவர்களைப் பிடித்தேன். ஒருவன் தோளிலிருந்து இன்னொருவன் தோளுக்குத் தாவித் தாவி, மத்தியானத்துக்குள் கிழவரின் தகப்பன் வரை இறங்கிவிட்டேன். கிழவருக்கு இரண்டு தமையன்மார் இருந்திருக்கிறார்கள். இருவரும் இப்போது இல்லை. ஆனால் அவர்களின் மரண அறிவித்தல்கள் இணையத்திலேயே கிடந்தன, மகன்மார், பேரன்மார், அவரவர் இருக்கும் ஊர் எல்லாம் வரிசையாய்.

ஒன்று மட்டும் சற்று உறுத்தியது. தகப்பனின் பெட்டியை எல்லோரும் சேர்ந்து தூக்கியிருந்தார்கள். மூத்த தமையனின் பெட்டியைத் தூக்கியதோ அவருடைய மகன்மாரும் அயலவர்களும் மட்டும். நடுவிலான் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை. நடுவிலான் போனபோதும் இதே கதை மறுபக்கமாய். இடம் போதாமல் பெயர்களை விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, படச்சுருளைச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது தொலைபேசி. மூத்தவரின் மகன் இன்னும் கமம் செய்கிறார் என்று அறிந்து, அந்தப் பக்கத்துத் தீவனக் கடையில் விசாரித்து இலக்கம் வாங்கினேன்.

"வணக்கம், நான் ஸ்காபரோவிலயிருந்து..."

"எங்கட வீட்டுக் காத்துக்குழாய் துப்பரவாத்தான் இருக்கு," என்று வைத்துவிட்டார்.

இந்த நாட்டில் என்னுடைய உச்சரிப்பில் யார் எடுத்தாலும் குழாய் துப்பரவு வியாபாரம்தான் என்று முடிவு. இரண்டாம்முறை எடுத்து, மூச்சு விடாமல் கிழவரின் பெயரையும் அவருடைய தகப்பன், பாட்டன் பெயர்களையும் பாட்டனைத் தூக்கிய ஆறு பேரின் பெயர்களையும் ஒப்பித்தேன்.

"சித்தப்பா செத்திட்டாரோ?" என்று மறுமுனையில் கேட்டார்.

செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் ஆள் கூப்பிடும் முறை எனக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் 'நீங்கள் இல்லாமல் நடக்காது' என்று சொல்ல வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது, விட்டால் பரம்பரைக்கும் மனத்தாங்கல். ஆகவே மூத்தவர் வீட்டுக்கும் சொன்னேன், நடுவிலான் வீட்டுக்கும் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் "நீங்கள்தான் முக்கியம்," என்றேன். இரண்டு வீட்டாரும் வருவதாகச் சொன்னார்கள்.

வியாழன் பின்னேரம் அன்ரி வீட்டுக்குப் போனேன். நடக்கவில்லை, மிதந்தேன் என்று சொல்லலாம்.

"அன்ரி, ஆறு கேட்டனீங்கள். இப்ப வேணுமெண்டால் தெரிவு செய்து எடுக்கலாம்! மூத்தவர் பக்கமும் வருது, நடுவிலான் பக்கமும் வருது."

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பக்கத்தையுமோ கூப்பிட்டனீர்?"

"ஓம்."

"ஒருத்தரும் இல்லையெண்டு நான் சொன்னது உமக்கு விளங்கேல்லையோ? இல்லையெண்டதுக்குக் கதை பேச்சு இல்லையெண்டு அர்த்தம். காணியைப் பிரிச்ச நேரம் வேலி எங்கை போடுறதெண்டு ரெண்டு தமையன்மாருக்கும் சண்டை. இவர் நான் ஒரு பக்கமும் இல்லையெண்டு சொன்னவர். அதோடை ரெண்டு பக்கமும் இவரை விட்டிட்டுது. கடைசியா எல்லாரும் ஒரு இடத்திலை நிண்டது தாயின்ர செத்தவீட்டிலை. அண்டைக்குச் சாப்பாட்டு மேசை பிரண்டது."

வேலிச் சண்டை! உலகத்துக்கே வேலிச் சண்டை கற்றுக்கொடுக்கக்கூடிய மண்ணில் பிறந்தவன் நான். எங்கள் அறிவித்தலில் பெறாமகன் முறையான ஒருவனின் பெயர் விடுபட்டால் எத்தனை வருடத்துக் கோபம், எத்தனை பரப்புக் காணி என்று கணக்குச் சொல்லக்கூடியவன். அதே விஷயம் ஜேர்மன் பெயர்களில் கண்ணுக்கு முன்னால் ஓடியபோது, இடம் போதவில்லையாம்!

வீட்டுக்கு ஓடிவந்தேன். மெஷினைத் தொடவே பயமாயிருந்தது.

"ஒரு பக்கத்துக்கு நேரம் மாறிப்போச்செண்டு சொல்லிவிடட்டே?" என்று பின்தோட்டத்தில் நின்ற மனைவியைக் கேட்டேன்.

"கூப்பிட்ட செத்தவீட்டுக்கு வராதேங்கோ எண்டு சொல்லப்போறீங்களோ? விசரே? அந்த மனிசியின்ர ஆளை ஆர் தூக்கிறது, நீங்களோ? உங்களுக்கு அரிசி மூட்டை தூக்கினாலே மூண்டு நாள் படுக்கை."

வேலிக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"வரட்டும்," என்றார். "அவர் கேட்டது ஆறு பேர். ஆறு பேரும் சிரிச்சுக்கொண்டு வரவேணுமெண்டு கேக்கேல்லை."

சனிக்கிழமை காலை, மார்க்கத்துக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் நின்ற அந்தச் சின்னத் தேவாலயத்துக்கு மனைவியோடு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். பிக்கப் வாகனங்கள் வரத் தொடங்கின. மூத்தவர் வீட்டார் இடது பக்கம் நிறுத்தினார்கள். நடுவிலான் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு வலது பக்கம் நிறுத்தினார்கள். நடுவில் வெறும் சரளைக்கல் தரை. அதில் பூங்கொத்தும் கையுமாய் நான். இரண்டு பக்கமும் எனக்குத் தலையசைத்தது. ஒரு பக்கத்துக்குத் தலையாட்டினால் மற்றப் பக்கம் கோபிக்குமோ என்று பயந்து, நான் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பூசை முடிந்தது. பெட்டி வாசலுக்கு வந்தது, சில்லு வண்டிலில்தான். கறுப்புக் கோட்டுப் போட்ட சவச்சாலை ஊழியர் என்னிடம் குனிந்து, "யார் எங்கே நிற்பது என்று நீங்கள்தானே ஒழுங்கு செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் கையிலிருந்த பூங்கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தாரும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. ஊழியர் மெதுவாக வண்டிலின் பிடியில் கை வைத்தார்.

"கையை எடும்," என்றார் அன்ரி.

பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இடப்பக்கம் மூன்று கைப்பிடி, வலப்பக்கம் மூன்று.

"நீங்கள் மூண்டு பேர் இந்தப் பக்கம். நீங்கள் மூண்டு பேர் அந்தப் பக்கம். ஆரும் ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை. காலை மட்டும் ஒண்டா வையுங்கோ."

வந்தார்கள். குனிந்தார்கள். தூக்கினார்கள். அப்போதுதான் அந்தச் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்தது. மூத்தவரின் வீட்டார் எல்லோரும் மின்கம்பம் மாதிரி வளர்ந்தவர்கள். நடுவிலான் வீட்டார் கட்டையான, அகலமான ஆட்கள். பெட்டி வலது பக்கம் சரிந்தது. பாதை வேறு மேட்டில் ஏறியது. உள்ளே ஏதோ மெல்ல அசைவது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை என்று மனைவி இன்றுவரை சாதிக்கிறாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். "என்ர விரலை உடைக்காதேங்கோ," என்றாள்.

பத்தடி போகவில்லை, கட்டைப் பக்கத்தில் முன்னுக்கு நின்றவர், முகமெல்லாம் சிவந்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்துச் சொன்னார்: "கொஞ்சம் பதிச்சுப் பிடி."

பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குழாய் துப்பரவு வேண்டாம் என்று சொன்ன அதே குரல்: "நீ கொஞ்சம் உயத்திப் பிடியன்."

"நான் உயத்தித்தான் பிடிக்கிறன். இவ்வளவுதான் நான்."

"உங்கட வீட்டிலை எப்பவும் இவ்வளவுதான்."

எனக்கு இருதயம் நின்றுவிட்டது. பெட்டியும் நின்றது. ஆறு பேரும் மேட்டின் நடுவில் அப்படியே நின்றார்கள். அன்ரி பின்னாலிருந்து, "அவருக்குக் குளிருது, நடவுங்கோ," என்றார். யாரோ ஒருவர் மூக்கால் சிரித்ததை அடக்கப் பார்த்து இருமினார். எந்தப் பக்கத்து மூக்கு என்று தெரியவில்லை. நெடுத்தவர்கள் முழங்காலை மடித்தார்கள். கட்டையர்கள் கையைத் தோள்வரை உயர்த்தினார்கள். முழங்காலை மடித்தபடி நடக்கிற மூன்று பெரிய மனிதர்களை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பெட்டி நேரானது.

அதன்பிறகு குழிவரைக்கும் வாய் ஓயவில்லை. கல் இருக்கு, பார். எனக்குக் கண் இருக்கு. நீ இழுக்கிறாய். நீதான் தள்ளுறாய். ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே, காலை மட்டும் ஒன்றாய் வைத்து, கிழவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெட்டியைக் குழிக்குக் குறுக்கே கட்டியிருந்த பட்டிகளின் மேல் இறக்கிய பிறகும், பாரம் எந்தப் பக்கம் கூட என்ற விவாதம் முடியவில்லை. கைப்பிடிகளை விடச்சொல்லி ஊழியர் இரண்டாம்தரமும் கேட்க வேண்டியிருந்தது.